பயணத்தை நிறுத்து! கூலியை நிறுத்தாதே!

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்த நாள். அன்று கொட்டிய மழையைத் தூத்துக்குடி ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்குப் பார்த்தபோது காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்திருந்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மலைமேல் மாஞ்சோலையில் 55. கரிசல் பூமியான கோவில்பட்டியில்கூட 53. ஓராண்டு முழுவதும் பெய்வதைக் காட்டிலும் அதிகமான மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் வாங்கிக்கொண்டது. பக்கத்திலுள்ள சாகுபுரம், ஆறுமுகநேரி வட்டாரத்தில் உப்பளம் எது, ரஸ்தா எது என்று அடையாளம் தெரியாமல் போயிற்று. ஏரல் தனித்தீவாயிற்று. தென் ஜில்லாக்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் குளிர்காலம் பனியைக் கொட்டிப் பாதையை மூடுகிறது. நம் சீமையில் அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கடற்கரையில் புயல், மலையில் மண்சரிவு, நடுவிலிருக்கும் சமவெளியில் மலைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து குளத்தை உடைத்துத் தரைப்பாலத்தை மூழ்கடிக்கின்றன. இது வடகிழக்குப் பருவமழையின் குணம். புதிய செய்தி அல்ல.

ஆனால் ஒரு கேள்வியை நாம் இன்றுவரை உரக்கக் கேட்கவில்லை. அபாய எச்சரிக்கை வந்த நாளில் ஒரு தொழிலாளி வீட்டிலிருந்து புறப்படலாமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வது யார்? அந்தத் தொழிலாளியா, சர்க்காரா, முதலாளியா? அல்லது அன்றைய அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலையா?

நின்ற ரயிலும் ஓடிய ரயிலும்

அந்த டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறத்தாழ 800 பிரயாணிகள் இருந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் செய்துங்கநல்லூர் செல்லும் பாதையில், தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக் கொண்டிருந்தது. ரயில் நில்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத நம் கை கூசுகிறது.

சுமார் 300 பேர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள். மற்றவர்கள் நிலையத்திலும் பெட்டிகளிலுமாக இரண்டு இரவு கழித்தார்கள். சுற்றிலும் வெள்ளம்; மின்சாரம் இல்லை. தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நுழையும் நிலையில், அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து ஜனங்கள் அரிசியும் பருப்பும் திரட்டிச் சமைத்து, முன்பின் தெரியாத பிரயாணிகளுக்குச் சோறு போட்டார்கள். 19 ஆம் தேதிதான் அவர்கள் வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். பட்ட அவதி கொஞ்சமல்ல. ஆனாலும் அந்த ரயிலை வெள்ளம் கொண்டு போகவில்லை.

ஐம்பத்தொன்பது வருஷங்களுக்கு முன்னால், இதே டிசம்பர் மாதத்தில், இதே மன்னார் வளைகுடாவின் வடகோடியில் வேறொரு ரயில் போயிற்று. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் அது. புயலில் கைகாட்டி வேலை செய்யவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு ரயில் நகர்ந்தது. தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழும்பி வந்து பெட்டிகளை வாரிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளும் ரயில்வே சிப்பந்திகளும் ஒருவர் மிச்சமில்லாமல் மாண்டார்கள். உடைந்த பாம்பன் பாலம் 46 நாளில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகாத இடம் என்று கைவிடப்பட்டது.

அந்த ரயிலின் டிரைவரைக் குறை சொல்ல நாம் ஒப்பமாட்டோம். அவரும் தொழிலாளி. அவரும் பிரயாணிகளோடுதான் போனார். முன்னால் பாதையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வழியில்லை.

இரண்டு ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 இல் மூன்று விஷயங்கள் கூடியிருந்தன. பாதை போய்விட்டது என்ற தகவல் நேரத்தோடு வந்து சேர்ந்தது. நிறுத்து என்று சொல்ல அதிகாரம் படைத்த ஒருவர் அந்த இடத்தில் இருந்தார். ரயிலை நிறுத்தியதற்காகத் தன் சம்பளம் போய்விடுமே என்று அவர் நடுங்க வேண்டியிருக்கவில்லை. தகவல், அதிகாரம், கூலிக்கு உத்தரவாதம் ஆகிய இந்த மூன்றும் உயிரைக் காக்கின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சக்கரம் உருண்டுவிடும்.

நம் ஸ்டேஷன் மாஸ்டர் யார்?

இப்போது ரயிலை விட்டு நம் தெருவுக்கு வருவோம்.

காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய மில் தொழிலாளி நாலு மணிக்கு எழுகிறார். வெளியே மழை கொட்டுகிறது. சிவப்பு எச்சரிக்கை என்று செல்போனில் சேதி வந்திருக்கிறது. ஜில்லாக் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டார். பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் தகப்பனாருக்கு விடுமுறை உண்டா? கிடையாது. மில் சங்கு ஊதுகிறது. பஸ் வரவில்லை. இரண்டு பேர், மூன்று பேராக மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள். ஓடையில் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேல் ஓடுகிறது. முழங்கால் அளவுதானே என்று இறங்குகிறார்கள். முழங்கால் அளவு தண்ணீருக்கு வேகம் வந்துவிட்டால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு நாள் ஆப்சென்ட் போட்டால் என்ன நடக்கும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

நிரந்தரத் தொழிலாளிக்கே இந்தக் கதி என்றால், பதிலித் தொழிலாளிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் என்ன கதி? இன்று வராதவனுக்கு நாளை பெயர் கூப்பிட மாட்டார்கள். வாழைத் தோட்டத்துக்கும் நடவுக்கும் போகும் விவசாயத் தொழிலாளிப் பெண்கள் லோடு ஆட்டோவில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போகிறார்கள். வண்டியை நிறுத்துவதற்கு அவர்களில் யாருக்கும் அதிகாரமில்லை. வண்டிக்காரருக்கோ நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. உப்பளத் தொழிலாளிக்கு மழை என்றாலே வேலை இல்லை. அதனால் அந்த மாதங்களில் கிடைத்த கூலி வேலையைத் தேடி எந்தத் தூரமும் போக வேண்டியிருக்கிறது.

ரயிலைக் காத்த மூன்றில் இவர்களுக்கு எது இருக்கிறது? தகவல் இருக்கிறது, இன்று எல்லார் கையிலும் செல்போன் உண்டு. அதிகாரம் இல்லை. கூலிக்கு உத்தரவாதமும் இல்லை. கையில் காசில்லாதவனிடம் சொல்லப்படும் எச்சரிக்கை, கடன் பட்டவனுக்குச் சொல்லப்படும் சிக்கன உபதேசத்துக்குச் சமம். கேட்டுக்கொள்வான், தலையாட்டுவான், பிறகு குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவான்.

2023 வெள்ளம் வடிந்ததும் ஒரு வாதம் கிளம்பியது. எச்சரிக்கை முன்கூட்டியே கொடுத்தோம் என்றது தில்லி. பெய்த அளவைச் சொல்லவில்லையே என்றது சென்னை. அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் அதிகம் என்று தீர்ப்பளிக்க நாம் இங்கே வரவில்லை. நாம் சொல்வது வேறு. 95 சென்டிமீட்டர் என்று ஒரு வாரம் முன்னதாகவே துல்லியமாகச் சொல்லியிருந்தாலும், கூலி உண்டு என்று யாரும் சொல்லாதவரை நம் ஆட்கள் புறப்பட்டே இருப்பார்கள்.

கடலில்

கடலோர மக்களின் நிலை இன்னும் கடினம். 2017 நவம்பர் 30 ஆம் தேதி குமரிமுனையைத் தொட்டுச் சென்ற ஒக்கிப் புயலை நினைத்துப் பாருங்கள். அன்றுதான் அது புயல் என்று பெயர் பெற்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்களோ அதற்குப் பல நாள் முன்பே அரபிக்கடலுக்குள் போய்விட்டிருந்தார்கள். கரையில் ஒலிபரப்பிய எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்டவில்லை. எட்டும்படியான கருவியும் பெரும்பாலான படகுகளில் இல்லை. குமரி ஜில்லாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அங்கே குறைந்தது தகவல்.

நம் தூத்துக்குடிக் கரையில் அன்றாடம் போய் வரும் வள்ளங்களுக்கும் விசைப்படகுகளுக்கும் தகவல் வருகிறது. கடலுக்குப் போகாதே என்று மீன்வளத் துறை தடுத்தும் விடுகிறது. அது சரியான காரியம். ஆனால் படகில் வேலை பார்ப்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடிக்கும் மீனில் பங்கு. படகு போகாத நாளில் பங்கு எங்கிருந்து வரும்? மூன்று நாள், நாலு நாள் தடை தொடர்ந்தால் கடைக்காரரிடம் பற்று ஏறுகிறது. தடை நீங்கிய மறுநிமிஷமே, கடல் அடங்கியதா இல்லையா என்று பாராமல் இறங்குகிறார்கள். சங்கு குளிப்பவர்களும் அப்படியே.

இந்தக் கரைக்கு ஒரு பழங்கதை உண்டு. அதை இங்கே சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மழைக்காலத்தில் யாரும் மூழ்கியதில்லை. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில், கடல் அடங்கி நீர் தெளிந்திருக்கும்போதுதான் குளிப்பு. நாள் குறித்தது சர்க்கார். எந்தப் பாரில் குளிக்கலாம் என்று பார்த்தது சர்க்கார். எத்தனை படகு போகலாம் என்று தீர்மானித்ததும் சர்க்கார். 1961 இல் நடந்த கடைசிக் குளிப்பு வரை இதுவே வழக்கம். ஏன் இத்தனை அக்கறை? எடுத்த சிப்பியில் சர்க்காருக்குப் பெரும்பங்கு உண்டு. தனக்கு லாபம் இருந்த இடத்தில் கடலின் குணத்தைப் பார்த்து வேலைநாளைக் குறிக்க அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. மூழ்குபவனின் உயிருக்காக அதையே செய்யச் சொன்னால் மட்டும் முடியாது என்பானேன்?

மலையில்

மலையைப் பற்றிப் பேசும்போது, அது நமக்குத் தூரத்து விஷயம் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த கைகளில் பாதி நம் கரிசல்காட்டிலிருந்து போன கைகள். 2020 ஆகஸ்டு 6 ஆம் தேதி இரவு, மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பலர் நம் ஜில்லாவின் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் மலையேறிய குடும்பத்தார். அது மார்கழி மழையல்ல, ஆடி மழை. பாடம் ஒன்றுதான்.

பல நாளாக அங்கே மழை கொட்டியது. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துவிட்டன. இரவில் சரிந்த செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. வழியிலிருந்த பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதால் மீட்புக்காரர்கள் போய்ச்சேரத் தாமதமாயிற்று. லயத்தில் இருந்தவர்கள் அன்றைக்கு எங்கும் பிரயாணம் செய்யவில்லை, வீட்டில்தான் படுத்திருந்தார்கள். அப்படியானால் வீட்டில் இருப்பதே பாதுகாப்பு என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. மலையில் அபாயம் முற்றுவதற்கு முன், பாதை திறந்திருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில், சர்க்காரின் வண்டியில் கீழே இறக்கிவிட வேண்டும். இறங்கிய நாட்களுக்குக் கூலி வேண்டும். லயத்தை விட்டுப் போனால் வேலையும் போய்விடும், வீடும் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை, எந்தத் தொழிலாளியும் தன் தட்டுமுட்டுச் சாமான்களை விட்டு இறங்க மாட்டான்.

ஆகவே சமவெளியில் புறப்படாமலிருக்கும் உரிமையும், மலையில் நேரத்தோடு புறப்படும் உரிமையும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள். உயிரைக் காத்துக்கொண்டதற்காகக் கூலியை இழக்கலாகாது என்பதே அந்த உரிமை.

ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை

இதென்ன புதுப் பழக்கம், மழைக்கெல்லாம் கூலியா என்று முதலாளிமார் கேட்பார்கள். அவர்களுக்கு நாலு விஷயங்களை ஞாபகப்படுத்துகிறோம்.

முதலாவது, துறைமுகம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கப்பல்கள் அதற்குக் கட்டுப்படுகின்றன. சரக்கு ஏற்றி இறக்க இத்தனை நாள் என்று போடும் கப்பல் ஒப்பந்தங்களில், வானிலை கெட்ட நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற ஷரத்து நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. முதலாளியும் முதலாளியும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் புயலுக்கு ஓர் இடம் உண்டு. முதலாளியும் தொழிலாளியும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மட்டும் ஏன் இல்லை?

இரண்டாவது, லே-ஆப் சட்டம். இயற்கை உற்பாதத்தால் வேலை கொடுக்க முடியாமல் போனால் பாதிச் சம்பளமும் பாதிப் பஞ்சப்படியும் தர வேண்டும் என்பது 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் அது நீடிக்கிறது. ஆனால் யாருக்கு? பெரிய ஆலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு. பதிலிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் இல்லை. அதுவும் ஆலை தானே கதவை அடைத்தால்தான். ஆலை திறந்திருந்து, தொழிலாளியால் ஆற்றைக் கடக்க முடியாமற் போனால் அது அவர் குற்றம், ஆப்சென்ட்!

மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருத வேண்டும் என்று 2010 இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படியானால் ரஸ்தாவும் வேலையின் ஒரு பகுதிதான் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டாயிற்று. வழியில் செத்தால் நஷ்டஈடு தரலாம். சாகாமல் இருக்க அன்றைக்கு வீட்டில் இருந்தால் கூலி தர முடியாது என்பது என்ன நீதி?

நான்காவது, மீன்பிடித் தடைக்காலம். கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக இந்த ஏற்பாடு. அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை உண்டு. தடுத்தால் ஈடு தர வேண்டும் என்ற தத்துவத்தை மீன் குஞ்சுகளுக்காக ஏற்றுக்கொண்ட அரசாங்கம், அதே தத்துவத்தை மீனவனின் குஞ்சுகளுக்காக ஏற்றுக்கொள்வதில் என்ன தடை?

உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்ததை நாம் வரவேற்கிறோம். தொகை போதாது, ஆனாலும் திசை சரி.

வெளிநாட்டைப் பாருங்கள். ஸ்பெயின் தேசத்தில் வாலன்சியா என்ற பிரதேசம். 2024 அக்டோபர் 29 ஆம் தேதி காலையிலேயே வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. ஆனால் ஜனங்களின் செல்போனுக்கு அபாயச் செய்தி போனதோ இரவு எட்டு மணிக்குப் பிறகு. அதற்குள் வழக்கம்போல் வேலைக்குப் போனவர்கள் ஆலைகளிலும் கடைகளிலும் திரும்பும் வழியில் கார்களிலும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். அந்தப் பிரதேசத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தேசமே தெருவுக்கு வந்து கேள்வி கேட்டது. ஒரு மாதம் கழிவதற்குள், அபாய எச்சரிக்கையால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு நாலு நாள் வரை சம்பளத்தோடு விடுமுறை என்று ஸ்பெயின் அரசாங்கம் சட்டம் போட்டது. அங்கேயும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஆலைகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சில ஆட்சேபங்கள்

நியாயமான ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது.

எச்சரிக்கை பொய்த்துப் போனால் என்ன செய்வது என்று கேட்கலாம். பொய்க்கட்டும். ஒரு நாள் கூலி நஷ்டம், அவ்வளவுதான். எச்சரிக்கை மெய்த்து, ஆட்கள் வழியில் இருந்தால் ஏற்படும் நஷ்டத்தை எந்தக் கணக்கப்பிள்ளை எழுதுவார்? சிவப்பு எச்சரிக்கை வருஷம் முழுக்க வருவதில்லை. விரல்விட்டு எண்ணும் நாட்கள்தான்.

சில ஆலைகளைச் சட்டென்று நிறுத்த முடியாது என்று சொல்வார்கள். உண்மை. இரசாயன ஆலையிலும் அனல்மின் நிலையத்திலும் ஆளில்லாமல் விட்டால் அதுவே ஆபத்தாய் முடியும். ஆஸ்பத்திரி, மின்சார வாரியம், குடிதண்ணீர், துப்புரவு ஆகிய வேலைகளும் நிற்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் எத்தனை பேர் அவசியம் என்பதைச் சங்கத்தோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முதல் நாளே அவர்களைப் பாதுகாப்பான வண்டியில் அழைத்து வந்து தங்க வையுங்கள். சாப்பாடு போடுங்கள். இரட்டைச் சம்பளம் கொடுங்கள். புயலில் கம்பத்தில் ஏறும் மின் தொழிலாளிக்கு வீரன் என்ற பட்டம் மட்டும் போதாது. அவர் திரும்பி வருவதற்கான ஏற்பாடும் வேண்டும்.

முதலாளியே இல்லாத அன்றாடங்காய்ச்சிக்கு யார் தருவது? அங்கே சர்க்கார்தான் தர வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்று 2023 இல் சர்க்கார் கொடுத்தது. வீடு இடிந்து, ஆடு மாடு போய், சில இடங்களில் ஆளும் போன பிறகு வந்த பணம் அது. அதில் ஒரு சிறு பகுதி எச்சரிக்கை நாளன்றே கைக்கு வந்திருந்தால், வெள்ளத்தில் இறங்காமல் வீட்டிலிருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பேரிடர் நிவாரண நிதியில் மத்திய சர்க்கார் முக்கால் பங்கும் மாநில சர்க்கார் கால் பங்கும் போடுகின்றன. செத்த பிறகு செலவழிக்கும் நிதியைச் சாவதற்கு முன் செலவழிக்க விதியைத் திருத்தினால் போதும்.

இந்த இடத்தில் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். போனஸ், பஞ்சப்படி, வேலைப்பளு என்று எத்தனையோ கோரிக்கைப் பட்டியல்கள் தயாரித்திருக்கிறோம். வெள்ளம் வந்த மறுநாள் அரிசி மூட்டையோடு ஓடியிருக்கிறோம். நிவாரணம் போதாது என்று தாலுகா ஆபீஸ் முன்னால் நின்றிருக்கிறோம். ஆனால் புயல் நாளில் கூலியோடு விடுமுறை என்ற ஒரு வரியை எத்தனை ஒப்பந்தங்களில் எழுதி வாங்கியிருக்கிறோம்? மழையை விதி என்று தொழிலாளி நினைப்பது போலவே நாமும் நினைத்திருந்தோம் என்றுதான் பொருள். மழை விதியாக இருக்கலாம். மழையில் யார் நனைவது, யார் மாடியில் நின்று பார்ப்பது என்பது விதியல்ல.

நாம் கோருவது

ஒன்று: ஜில்லாவில் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், பள்ளிக்கூடங்களோடு ஆலைகள், பண்ணைகள், தோட்டங்கள், கட்டட வேலைகள் அனைத்துக்கும் முழுக் கூலியோடு விடுமுறை என்று கலெக்டர் உத்தரவு போட வேண்டும். நிரந்தரம், பதிலி, காண்டிராக்ட் என்ற பாகுபாடு கூடாது.

இரண்டு: வழி அபாயமானது என்று கண்டு திரும்பியவருக்கு ஆப்சென்ட் போடவோ, வேலை மறுக்கவோ கூடாது.

மூன்று: முதலாளி இல்லாத அன்றாடக் கூலிகளுக்கும், கடலுக்குப் போகத் தடுக்கப்பட்ட மீனவர்களுக்கும், சங்கு குளிப்பவர்களுக்கும் எச்சரிக்கை நாள் ஒவ்வொன்றுக்கும் நிவாரணக் கூலி தர வேண்டும்.

நான்கு: ஆழ்கடல் போகும் ஒவ்வொரு படகிலும் கரையிலிருந்து சேதி எட்டும் கருவி சர்க்கார் செலவில் வேண்டும்.

ஐந்து: மலைக் குடியிருப்புகளில் சரிவு அபாயமுள்ளவற்றைக் கணக்கெடுத்து, மழை முற்றுவதற்கு முன் மக்களை இறக்கும் ஏற்பாடும், வேலைக்கும் வீட்டுக்கும் எழுத்து மூலமான உத்தரவாதமும் வேண்டும்.

ஆறு: தண்ணீர் ஏறும் தரைப்பாலங்களை மேம்பாலங்களாக்கும் வேலையை ஆண்டுதோறும் ஒத்திப்போடாமல் முடிக்க வேண்டும். அதுவரை ஒவ்வொன்றிலும் அளவுக்கல்லும் காவலாளும் வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு மில் வாசலிலும் இதைப் பற்றிக் கூட்டம் போடுங்கள். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இந்தக் கோரிக்கையை வையுங்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்த ஓடையைத் தாண்டி வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மழை வரும்போது யாரைத் தடுக்க வேண்டும் என்று தெரியும். விவசாயத் தொழிலாளர்கள் லோடு ஆட்டோவில் ஏறும் முன், தண்ணீர் போகும் தரைப்பாலத்தில் வண்டி இறங்காது என்று வண்டிக்காரரிடம் ஒரே குரலில் சொல்லுங்கள். தனியாகச் சொல்லும் பெண்ணை இறக்கிவிடுவார்கள். இருபது பேர் சேர்ந்து சொன்னால் வண்டியை நிறுத்துவார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நின்றதால் ஏறத்தாழ 800 குடும்பங்களில் இழவு விழவில்லை. சிக்கிக்கிடந்தவர்களுக்குப் புதுக்குடி ஜனங்கள் சோறு போட்டார்கள். யார் எவர் என்று கேட்கவில்லை. பயணத்தை நிறுத்துவது, நின்றவர்களுக்குச் சோறு போடுவது என்ற இந்த இரண்டு காரியத்தையும் அந்த இரவில் சாதாரண மனிதர்கள் செய்து காட்டிவிட்டார்கள். கஜானாவும் கட்டளைக்கோலும் கையில் வைத்திருக்கும் அரசாங்கம் அதைச் சட்டமாக்க வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது.

அடுத்த கார்த்திகையும் அடுத்த மார்கழியும் வரத்தான் போகின்றன. அவை வருவதற்குள் இந்தக் குரல் ஒவ்வொரு மில் வாசலிலும், ஒவ்வொரு களத்துமேட்டிலும், ஒவ்வொரு கடற்கரைக் குப்பத்திலும் எழட்டும்:

அபாய நாளில் பயணத்தை நிறுத்து! கூலியை நிறுத்தாதே!